தொண்டைக்கு நல்லது

சந்தையிலிருந்து திரும்பிய மெய்-யுன் காதில் முதலில் விழுந்தது கணவர் கோ-லியாங்கின் விக்கல்.

"மத்தியானத்துலேர்ந்து நிக்கவே மாட்டேங்குது. குடிச்சிருக்கேன்னு நினைச்சுடாத, மகாராணி," என்று சிரித்தார் அவர்.

அவருடைய சிறுநீரகங்கள் முக்கால்வாசி பழுதாகிவிட்டவை. "என்ன சாப்பிட்டீங்க?" என்றாள்.

"தொண்டை கரகரன்னுச்சு. முக்குக் கடையில உப்புல ஊறின நட்சத்திரப்பழச் சாறு குடிச்சேன்."

அவள் கையிலிருந்த பை நழுவியது. "அந்தப் பழத்தையே தொடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே!"

"பழத்தைத்தானே சொன்னாரு? இது மருந்துடி!"

தைவானின் தைனான் நகரில் தொண்டை கட்டினால் எல்லா வீட்டிலும் அதைத்தான் கொடுப்பார்கள். ஆனால் பழுதான சிறுநீரகத்தால் அந்தப் பழத்தின் நஞ்சை வெளியேற்ற முடியாது. முதலில் விக்கல் வரும், பிறகு நஞ்சு மூளைக்கு ஏறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

டாக்ஸியில் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "என் பேரச் சொல்லுங்க."

"மகாராணி."

"விளையாடாதீங்க!"

"மெய்-யுன். போதுமா?"

ஆஸ்பத்திரியின் விளக்குகள் தெரிந்தபோது மறுபடியும் கேட்டாள். அவர் விக்கலுக்கு நடுவே அவள் பக்கம் திரும்பினார். பிறகு, அறிமுகமில்லாத பெண்ணிடம் பேசுவதுபோல் மரியாதையாகச் சொன்னார்:

"தெரியலயேம்மா. நீங்க எங்க இறங்கணும்?"