நே14

“எங்க ஊரு சின்னப்பொண்ணு பேரெல்லாம் இருக்குதே மேடம்” என்று பிரிண்ட் கடை ஜெயப்பிரகாஷ் சொன்னபோது, எழில்மதி தன் ஆய்வேட்டின் அத்தியாயங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. எந்தச் சின்னப்பொண்ணு என்று யோசித்த பிறகுதான் கையிலிருந்த தாள்களைக் கீழே வைத்தாள்.

கர்நாடகாவுக்குக் கரும்பு வெட்டப் போகிற குடும்பங்களைப் பற்றிய ஆய்வு அது. அவளுடைய பழைய லேப்டாப்பில் வேர்டைத் திறந்தாலே மூச்சு வாங்கும். அதனால் வெறும் எழுத்துக் கோப்பாகத்தான் எழுதினாள். யாராவது சொன்னதை எடுத்துப்போடும் இடத்தில் பெயருக்குப் பதில் ஒரு குறி; பதினான்காவது நேர்காணல் என்றால் நே14 என்பது போல. யார் எந்த ஊர் என்பதெல்லாம் தனிக் கோப்பில். பேசிய பெண்களுக்கெல்லாம், பெயர் வராது என்று கையடித்துக் கொடுத்திருந்தாள். வருடக்கணக்கில் திரையில் நே14 என்றே பார்த்துப் பார்த்து, ஊர் உலகத்துக்கும் அப்படித்தான் தெரியப்போகிறது என்று நம்பிவிட்டாள். பல்கலைக்கழகமோ வேர்டு கோப்பு கொடு என்றது. இரண்டு கோப்பையும் சேர்த்து மாற்றித் தருகிற நிரலுக்கு நல்லது கெட்டது தெரியுமா? குறியைக் கண்ட இடத்திலெல்லாம் தனிக் கோப்பிலிருந்து பெயரை எடுத்து வைத்தது. கடைசியில் ஊரோடு பட்டியலும் போட்டது. தமிழ் எழுத்து உடையாமல் வந்திருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துவிட்டு இவள் பென்டிரைவோடு கிளம்பி வந்துவிட்டாள்.

நே14 சின்னப்பொண்ணுதான். அவள் சொன்னது நான்காவது அத்தியாயத்தில் இருந்தது. காய்ச்சலில் கிடந்த அவள் புருஷனை, வெட்டுக்கு ஆள் கூட்டிப்போகிற மேஸ்திரி இருசப்பன் ஆஸ்பத்திரிக்கு விடாமல் வெட்டுக்கு இழுத்துப்போனது, அன்று சாயங்காலமே அவன் வரப்பில் செத்தது. மேஸ்திரியின் பெயரை எழுதவில்லைதான். ஆனால் சொன்னது யார் என்று தெரிந்தால் மேஸ்திரி யார் என்றும் தெரிந்துவிடும். சின்னப்பொண்ணுவின் மகன் அஜித்குமார் இப்போதும் இருசப்பனின் ஆட்களோடுதான் அங்கே வெட்டிக்கொண்டிருக்கிறான்.

“கடைசிப் பக்கத்த போட்டோ புடிச்சி எங்க நைனார்பாளையம் வாட்ஸப் குரூப்புல போட்டுட்டன் மேடம். ஊருக்குப் பெருமதானங்க.”

அவனைத் திட்டினால் காரணம் சொல்ல வேண்டும். கோப்பை அழிக்கச் சொன்னாள். பைண்டிங் முடிந்த ஒரு பிரதியையும் மிச்சத் தாள்களையும் பையில் திணித்துக்கொண்டு நைனார்பாளையத்துக்குப் பஸ் ஏறினாள். பெரிய படிப்பு படித்தவளுக்குக் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கத் துப்பில்லை என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு போனாள்.

சின்னப்பொண்ணு வீட்டு வாசலில் ஒரு பைக் நின்றது. பிளாஸ்டிக் நாற்காலியில் இருசப்பன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“வாம்மா. எங்க சின்னப்பொண்ணு புக்குல வந்துட்டாளாமே. இன்னா சொல்லிக்கிறா படி, கேப்பம்.”

பையிலிருந்து நீல அட்டை எட்டிப் பார்த்தது. கொண்டுவரவில்லை என்று சொல்ல வழியில்லை. சின்னப்பொண்ணுவின் முகத்தைப் பார்க்க எழில்மதிக்கு வெட்கமாக இருந்தது.

“நான் இன்னா சொல்லப்போறன்” என்றாள் சின்னப்பொண்ணு. “கரும்ப எப்பிடி வெட்றதுன்னு கேட்டுச்சி, சொன்னன். அதப் படிச்சிக் காட்டும்மா.”

எழில்மதி புத்தகத்தை விரித்தாள். கண் வரப்பில் செத்தவனைப் படிக்க, வாய் கரும்பைச் சொன்னது. அடிக்கட்டை நிற்காமல் மண்ணோடு வெட்ட வேண்டும். காய்ந்த இலையான சோகையை உரித்துப் போட வேண்டும். வரிக்கு வரி கண்ணை நகர்த்தினாள், பக்கத்தைக்கூடத் திருப்பினாள். கட்டு கட்டுகிற இடத்தில் அவளுக்குச் சொல் வரவில்லை.

“நுனியில பச்சையா இருக்குற கொழுந்தாடையவே முறுக்கிக் கட்டணும்னு சொன்னனே” என்று சின்னப்பொண்ணு எடுத்துக்கொடுத்தாள். “அத எழுதலியா?”

“எழுதியிருக்கேங்க. இதோ இருக்கு.”

இருசப்பன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “நல்லாத்தான் சொல்லிக்கிறா. இங்க குடும்மா. எம்பொண்ணு தேவதர்ஷினி காலேஜிக்குப் போவுது. அது முழுசா படிச்சிட்டு எனுக்கு சொல்லட்டும்.”

கையை நீட்டினார். டம்ளரை எடுக்கக் குனிந்த சின்னப்பொண்ணு குனிந்தபடியே நின்றாள். எழில்மதியின் விரல் இன்னும் அந்தப் பக்கத்துக்குள்தான் இருந்தது.