எழுந்ததும் மறுபடி படுத்துக்கொண்ட இயந்திரம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் இதை எழுதும் கைக்கு அடுத்த வேளைச் சோறு எட்டாமல் போகட்டும்.

அந்த வீட்டின் மின்பலகை கொதித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு கொதிப்பு என்றால், வீட்டு மாப்பிள்ளையின் மாமியார் ஈரக் கைக்குட்டையை அதன்மேல் விரித்துவிட்டு, இஸ்திரி போட்டதுபோல் மடித்து எடுப்பார். மிக்சியைப் போட்டால் எதிர்வீட்டு டிவியில் செய்தி வாசிப்பவருக்குத் திக்குவாய் வந்தது. காலையில் வந்த எலக்ட்ரீஷியன் பலகையைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு இரண்டடி பின்வாங்கினார்.

"மெயினை அணைக்கணும் மேடம். இப்பவே. இல்லாட்டி அடுத்த ஃபோன் நீங்க எனக்குப் போட மாட்டீங்க, தீயணைக்கிறவங்களுக்குத்தான் போடுவீங்க."

மேடத்தின் பார்வை சாப்பாட்டு மேசைக்குப் போனது. அங்கே ஒரு கம்ப்யூட்டர் மாதக்கணக்கில் மூச்சுவிடாமல் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடித் தகட்டில் விழும் விரிசல் எந்தப் பக்கம் ஓடும் என்பது அவளுடைய ஆராய்ச்சி. நிஜத்தில் விரிசல் இமை கொட்டுவதற்குள் ஓடி முடிந்துவிடும். கணக்கிலோ மழைக்காலத்தில் புறப்பட்ட விரிசல் வெயில் ஏறிய பிறகுதான் மறுகரையை நெருங்கியிருந்தது. மறுநாள் காலை ஆய்வுக்குழுவின் முன் அவள் முடிவைச் சொல்லியாக வேண்டும். கரண்ட் போனால் நினைவகத்தில் இருப்பதெல்லாம் துடைத்த பலகை. விரிசல் மறுபடி முதல் புள்ளியிலிருந்து கிளம்ப வேண்டும். பட்டத்தை மறந்துவிட வேண்டும்.

நடுநடுவே கணக்கைச் சேமிக்கும் வசதியை அவள் எழுதத்தான் இருந்தாள். தடுத்தவன் கட்டின புருஷன். நண்பர்கள் அவனுக்கு வைத்த பெயர் சொடுக்கு. எந்தக் கஷ்டத்தைச் சொன்னாலும் விரலைச் சொடுக்கி, "இதெல்லாம் ஒரு வேலையா?" என்பான். ஒரு சிப்புக்காக எழுதப்பட்ட இயங்குதளத்தை வேறு இனத்துச் சிப்பில் ஓடவைப்பது அவன் தொழில். மேசைமேல் இருந்ததும் அவன் ஆபீஸில் சோதனைக்குத் தந்த புதுச் சிப் பெட்டிகள் இரண்டில் ஒன்று.

"சேமிக்கிற வம்பு எதுக்கு? நான் மிஷினையே தூங்கவைக்கிறேன்" என்று அன்றைக்குச் சொடுக்கியிருந்தான். "நினைவுல இருக்கிறது அத்தனையும் டிஸ்குல போய் உக்காந்துக்கும். கரண்டைப் பிடுங்கிடலாம். திரும்ப எழுப்பினா விட்ட இடத்துலேருந்து ஓடும். பழைய சிப்ல வருஷக்கணக்கா நடக்குது. புதுசுக்கும் மாத்தி எழுதிட்டேன்."

"இப்போ தூங்கவை" என்றாள் அவள், கொதிக்கும் மின்பலகையைக் காட்டி. "எழுப்பிப் பாத்திருக்கல்ல?"

"தூங்கத் தெரிஞ்சதுக்கு எழுந்திருக்கத் தெரியாதா?"

தூங்கவைத்துப் பார்த்திருந்தான் என்பது உண்மை. எழுப்பிப் பார்க்கத்தான் நேரம் வாய்க்கவில்லை.

இயந்திரம் பச்சைப்பிள்ளைபோலத் தூங்கிப்போனது. எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்து, கருகின ஒயர்களைக் குடலுருவுவதுபோல உருவிப் போட்டுப் புதிதாகக் கட்டினார். பகல் உச்சிக்கு வருமுன் கரண்ட் வந்தது. சொடுக்கு பொத்தானை அழுத்தினான். திரை வெளிச்சமானது. பழைய நினைவு ஏறியது. விரிசல் ஒரு கணம் தலைகாட்டியது. அடுத்த கணம், 'உறங்கப் போகிறேன்' என்று எழுதிக் காட்டிவிட்டு இயந்திரம் அணைந்தது.

மறுபடி அழுத்தினான். எழுந்தது, உறங்கப் போவதாகச் சொன்னது, உறங்கியது. எத்தனை தடவை எழுப்பினாலும் அதே பதில். ஒரு தடவை அது கொட்டாவி விட்டதாக எலக்ட்ரீஷியன் அடித்துச் சொன்னார். அவர் பொய் பேசுகிறவர் அல்ல.

"என் வேலையில குத்தமில்ல சார். கரண்ட் வருது. உங்க மிஷினுக்குத்தான் வேலைக்குப் போற எண்ணமே இல்ல" என்று சொல்லி, பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

மாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இயந்திரத்தை உற்றுப் பார்த்தார். "எழுப்பிவிட்டா திரும்பிப் படுத்துக்குதே. வளர்ப்பு அப்படியே மாப்பிள்ளையாட்டம் இருக்கு."

"சும்மா இருங்க அத்தை."

மனைவிக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் கூடவே ஏறும். நல்ல நாளில் 'டா'. முகம் சுளித்தால் 'நீங்க'. இப்போது சமையலறை வாசலில் நின்று, "ஐயா எப்போ சரிபண்ணித் தருவீங்க?" என்று கேட்டாள். அதுதான் உச்சிப்படி.

சொடுக்கு இன்னொரு பெட்டியை எடுத்து ஒரு சின்னக் கணக்கை ஓடவிட்டுத் தூங்கவைத்து எழுப்பினான். அதற்கும் அதே வியாதி. பிழை எழுத்தில்தான் இருந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

எழுப்புவதில் ஒரு கண்டம் உண்டு. கரண்ட் வந்ததும் முதலில் விழிப்பது பழைய ஆளில்லை, புது ஆள். அந்தப் புது ஆள் டிஸ்கிலிருந்து பழைய நினைவை எடுத்து, தான் உட்கார்ந்திருக்கும் இடத்தின்மேலேயே கொட்ட வேண்டும். நுனிக்கொம்பில் உட்கார்ந்து அடிக்கொம்பை வெட்டுகிற வேலை. வெட்டி முடித்து விழும்போது, விழுகிறவன் பழைய ஆளாக எழுந்து நிற்க வேண்டும். புதுச் சிப்பில் இதற்காக யார் காலும் படாத ஒரு மூலையைப் பிடித்து, அங்கே ஒளிந்துகொண்டு வெட்டும்படி சொடுக்கு எழுதியிருந்தான். பிழை அங்கேதான் இருக்கும் என்று வரிவரியாகப் பார்த்தான். எல்லாம் கச்சிதம். கச்சிதமாக இருந்ததுதான் பயமாக இருந்தது.

சாப்பிட்டான். "கொஞ்சம் கண்ணை மூடிக்கிறேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு சோபாவில் சாய்ந்தான். அவன் தூக்கம் லேசுப்பட்டதல்ல. முன்பு ஒருமுறை அவன் தூங்கிக்கொண்டிருக்கும்போதே குடும்பம் வீடு மாறியது. சோபாவோடு வண்டியில் ஏற்றிப் புது வீட்டில் இறக்கினார்கள். எழுந்தவன், ஜன்னல் ஏன் இடம் மாறியிருக்கிறது என்று மட்டும் கேட்டான்.

கண் திறந்தது. மண்டையில் ஒரே ஒரு எண்ணம்: கொஞ்சம் படுக்கலாம். படுத்தான்.

கடைசியில் மனைவி சட்டைக் காலரைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"ஐயாவுக்கு விடிஞ்சுதா?"

"இரு, இப்பத்தானே படுக்கப் போறேன்."

"எத்தனை தடவைதான் படுப்பீங்க? எழுந்து உக்காந்து, இதையே சொல்லிட்டு மறுபடி விழறீங்க."

"யாரு, நானா? நான் இன்னும் கண்ணே மூடல."

"கண்ணு மூடாதவர் மேல போர்வை எப்படி வந்துச்சு?"

குனிந்து பார்த்தான். பூப்போட்ட போர்வை, கழுத்துவரை இழுத்து, காலடியில் செருகிவிட்டிருந்தது. அவன் அதை எடுத்து வரவில்லை.

"யாரு போர்த்தினது?"

அவள் சுவரைப் பார்த்தாள். "எவளோ ஒருத்தி. வேற வேலை இல்லாதவ."

சொடுக்கு போர்வையைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். மண்டைக்குள் எவ்வளவு தேடினாலும் 'தூங்கியாச்சு' என்ற சேதி இல்லை. கடைசியாகப் பதிந்தது 'படுக்கப் போகிறேன்' என்பதுதான். தூங்கினவனுக்குத் தான் தூங்கினது தெரியாது. விழித்திருந்த வேறொருத்தி வெளியிலிருந்து கொண்டுவந்து போர்த்தினால்தான் தெரியும்.

"போர்வை! போர்வையை மறந்துட்டேன்!" என்று கத்திக்கொண்டு மேசைக்கு ஓடினான்.

"முழுசா கழண்டுடுச்சு" என்றார் மாமியார்.

ஒன்றும் கழலவில்லை. உறங்கப் போகும் கணத்தில் நினைவகத்தின் ஒரு கட்டத்தில் 'உறங்கப் போகிறேன்' என்ற குறி விழும். அந்தக் குறியும் சேர்ந்தேதான் டிஸ்குக்குப் போகிறது. எழுப்பினால் அதுவும் சேர்ந்தே திரும்பி வருகிறது. அதைப் படித்த இயந்திரம், சொன்ன சொல் தவறக்கூடாது என்று உறங்கப் போகிறது. பழைய சிப்பில் அந்தக் கட்டத்தைச் சுற்றி ஒரு வேலி உண்டு. திரும்பி வரும் நினைவு அதன்மேல் விழாது. புதுச் சிப்பில் மாளிகை கட்டியவன் வேலி போட மறந்திருந்தான். யானை போய்விட்டது, வால் மாட்டிக்கொண்டது.

வேலியைப் போட்டான். ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருப்பதற்காக இன்னொன்றும் எழுதினான்: எழுப்புகிற புது ஆள், பழைய நினைவைக் கொட்டி முடித்ததும், கடைசி வேலையாக அந்த ஒரே கட்டத்தில் 'தூங்கி எழுந்தாச்சு' என்று மாற்றிவிட்டு மறைய வேண்டும். அதுதான் போர்வை. இரண்டாவது பெட்டியில் போட்டுப் பார்த்தான். எழுந்தது. படுக்கவில்லை.

"இன்னொரு தடவை எழுப்பிப் பாருங்க" என்றாள் அவள். பார்த்தான். "இன்னொரு தடவை." அதையும் பார்த்தான்.

பிறகு சாப்பாட்டு மேசை. ஒரு கட்டம் தள்ளி எழுதிவிட்டால் மாதக்கணக்கு விரிசல் மண்ணோடு மண். சொடுக்கின் விரல்கள் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொடுக்க மறுத்தன. "நீயே அழுத்து" என்றான்.

அவள் அழுத்தினாள். திரை வெளுத்தது. பழைய நினைவு ஏறியது. மாமியார் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. விரிசல் தலைகாட்டியது. அப்படியே நின்றது. பிறகு ஒரு மயிரிழை நகர்ந்தது. திரையின் மூலையில் இருந்த கடிகாரம் மட்டும் இன்னும் காலையிலேயே இருந்தது. யாரோ பார்ப்பது தெரிந்து வெட்கப்பட்டதுபோல மாலைக்குத் தாவியது.

மின்விசிறி சுற்றுகிற சத்தம் அவ்வளவு இனிமையானது என்று அந்த வீட்டில் யாருக்கும் அதுவரை தெரியாது.

"அப்படியே உங்களுக்கும் ரெண்டு வரி எழுதிக்குங்களேன் மாப்பிள்ளை" என்றார் மாமியார், கரண்டியை இறக்கி.

விளக்கு வைத்துச் சற்று நேரத்தில் விரிசல் தகட்டின் மறுகரையைத் தொட்டது. எதிர்பார்த்த பக்கம்தான். அவள் விடையைக் குறித்து, ஒருமுறை சரிபார்த்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் சிரித்தாள். பிறகு போர்வையை எடுத்து மடித்துக்கொண்டே சொன்னாள்:

"சாப்பிட வாடா."

அந்த 'டா'வைக் கேட்டதும் சொடுக்கின் நெஞ்சிலிருந்த பாறாங்கல் உருண்டு விழுந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார்கள்.

கடைசியாக இன்னொரு சத்தியம்: அந்தப் புதுச் சிப்பைத் தயாரிக்கப்போகும் ஆலைக்கு இன்னும் அஸ்திவாரம் தோண்டவில்லை.