விறகு கொடுத்தானா இல்லையா

வசந்தகால விடுமுறையில் நீகாத்தா நகரத்து மாணவர்கள் காதலித்தார்கள், கடைகளில் பகுதிநேர வேலை பார்த்தார்கள், ஒன்றும் வாய்க்காதவர்கள் கடைவாய்ப் பல்லையாவது பிடுங்கிக்கொண்டார்கள். நோதோகா மட்டும் ஒரு ரஷ்ய நாவலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மெல்லிய புத்தகம்தான். பார்க்கப் பரமசாது. திறந்தால்தான் அதன் குணம் தெரியும். ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் அடுத்த பக்கத்தில்தான் மூச்சு விடும்.

பேராசிரியை இகராஷியின் நிபந்தனை எளிமையானது. அவருடைய ரஷ்ய இலக்கிய வகுப்பில் இடம் வேண்டுமா? விடுமுறைக்குள் ஒரு நாவலை முழுசாகப் படித்து, துறையின் செர்ரிப்பூ விருந்தன்று கதையை வாயால் சொல்ல வேண்டும். முடியாதவர்களுக்குச் சுற்றுலா மேலாண்மை வகுப்பு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. அந்த இலக்கிய வகுப்புக்காகவே வீட்டில் சண்டை போட்டு ரஷ்ய மொழி படிக்க வந்தவள் நோதோகா. சுற்றுலாதான் என்றால் அப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பது?

அவளுக்கு ஒரு வியாதி. தெரியாத வார்த்தையைத் தாண்டிப் போக முடியாது, ஷூவுக்குள் கல் விழுந்த மாதிரி. நின்றுவிடுவாள். அகராதியைப் புரட்டி, வரிக்கு மேலே பென்சிலால் பொருளை எழுதுவாள். பக்கமெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆனது. கதை மட்டும் நகரவில்லை. விருந்து நாள் விடிந்தபோது பாதியைத்தான் எட்டியிருந்தாள். அந்தப் பாதியில் என்ன நடந்தது என்று கேட்டால் அதுவும் சந்தேகம்.

அன்று பார்த்துப் பூங்காவில் இடம் பிடிக்கும் வேலையும் அவள் தலையில் விழுந்தது. பூத்த செர்ரி மரத்தடியில் நீல பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, மாலையில் மற்றவர்கள் வரும்வரை காவல் இருக்க வேண்டும். கடல்காற்று பேயாக அடித்தது. ஒரு மூலையில் அவளே உட்கார்ந்தாள். மற்ற மூலைகளில் பை, தண்ணீர் பாட்டில், அகராதி. செல்போன் காலையிலேயே உயிரை விட்டிருந்தது.

பக்கத்து விரிப்பில் கோட்டு சூட்டோடு ஒரு நடுவயதுக்காரர், குரிபயாஷி. அரிசி பிஸ்கட் கம்பெனி மேனேஜர்.

"எங்க செக்‌ஷன்ல இந்த வருஷம் புதுசா ஒருத்தனும் சேரல. அதான் மேனேஜரையே காவலுக்கு உட்கார வெச்சுட்டானுங்க" என்றார், யாரும் கேட்காமலே.

நோதோகா புத்தகத்தைத் திறந்தாள். முதல் கல். அகராதிக்காக எழுந்தாள். எழுந்ததுதான் தாமதம், விரிப்பு கிளம்பிப் போய்க் குரிபயாஷியின் முகத்தில் அறைந்தது. அவர் கையிலிருந்த தேநீர் கால்சட்டையில் கொட்டியது.

"ஏம்மா! அந்தச் செங்கல்ல இன்னொரு தடவ தொட்டே, உன் இடத்துல பாதி எனக்கு. சொல்லிட்டேன்."

"செங்கல் இல்ல சார். அகராதி."

"என்ன எழவா வேணா இருக்கட்டும். அங்கயே இருக்கட்டும்."

வேறு வழியில்லை. அகராதி இல்லாமல், கையும் ஓடாமல் காலும் ஓடாமல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கதை?" என்றார் குரிபயாஷி. அவருக்கும் பொழுது போக வேண்டுமே.

"பனிப்புயல்ல ஒரு ரயில் குட்டி ஸ்டேஷன்ல மாட்டிக்குது சார். ஸ்டேஷன் மாஸ்டர் கிட்ட கொஞ்சம்தான் விறகு இருக்கு. ரயில்ல இருந்து இறங்கி வர்றவங்கள்ல அவரை விட்டுட்டுப் போன பொண்டாட்டியும் இருக்கா."

"அடப்பாவி! விறகு கொடுத்தானா இல்லையா?"

"இன்னும் படிக்கல."

"மொத்தம் எத்தனை பேரு உள்ள?"

"ஒன்பது பேர்."

"ஒரு அடுப்பு, ஒரு பெஞ்சு, ஒன்பது பேரா? எங்க ஆபீஸ் லிஃப்ட் தேவலாம் போல."

அதற்குள் அவர் செல்போன் அடித்தது. "மேனேஜர் குரிபயாஷி பேசறேன்" என்று விறைப்பாகப் பேசி வைத்தார். உடனே மறுபடி அடித்தது. "மாசா குட்டி!" என்று ஒரு கிழவியின் குரல் பூங்காவுக்கே கேட்டது. மேனேஜர் குனிந்துகொண்டு, "உள்ள கம்பளி பனியன் போட்டிருக்கேம்மா... சத்தியமா போட்டிருக்கேன்" என்றார்.

நோதோகா அவரையே உற்றுப் பார்த்தாள். பிறகு புத்தகத்தைப் பார்த்தாள். ரஷ்யக் கதையிலும் ஒரே ஆளுக்கு மரியாதைக்கு அப்பா பெயரோடு ஒரு பெயர், ஆத்திரத்துக்குக் குடும்பப் பெயர், கொஞ்சலுக்கு ஒரு செல்லப்பெயர்!

"சார், ஒன்பது பேர் இல்ல!" என்று கத்தினாள். "மூணே பேர்தான்! மாஸ்டர், பொண்டாட்டி, அவளோட புதுப் புருஷன்!"

"புதுப் புருஷன் வேற வந்திருக்கானா? அவனுக்கு ஒரு குச்சிகூடக் குடுக்கக் கூடாது."

விடுமுறை முழுக்க அவள் சுமந்த கூட்டம் மூன்று பேராகச் சுருங்கியதும் அந்த ஸ்டேஷன் அறையில் காற்று வந்தது. விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். கல் குத்தியது. நடந்தாள். குத்தியது. ஓடினாள். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் பக்கத்து விரிப்பிலிருந்து ஒரே கேள்விதான்: "அப்புறம்?" மாஸ்டர் விறகைக் கொடுத்தார். தீர்ந்ததும் நாற்காலியை உடைத்தார். அப்புறம் அலமாரி. புதுப் புருஷன் இருமினான். குரிபயாஷி அவனைத் திட்டினார், ஆனால் வாயில் அரிசி பிஸ்கட் இருந்ததால் வேகம் பற்றவில்லை.

மாலையில் பிஸ்கட் கம்பெனிக்காரர்கள் பீர் டப்பாக்களோடு வந்து சேர்ந்தார்கள். "உஷ்! முதல்ல உட்காருங்க, கட்டிலை உடைக்கப் போறான்" என்று அதட்டி உட்கார வைத்தார் மேனேஜர். ரஷ்யத் துறை மாணவர்களும் வந்தார்கள். கடைசியாக, கையில் உணவுப் பெட்டியோடு பேராசிரியை இகராஷி.

"நோதோகா, படிச்சு முடிச்சியா?"

"இன்னும் மூணு பக்கம் இருக்கு டீச்சர்."

"ஏங்க, கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?" என்று யாரிடம் பேசுகிறோம் என்றே தெரியாமல் எரிந்து விழுந்தார் குரிபயாஷி. "அந்தக் கட்டில் அவங்க கல்யாணத்துக்கு வாங்கினதுங்க!"

இகராஷி செருப்பைக் கழற்றிவிட்டு, கம்பெனிக்காரர்கள் நடுவே ஒண்டி உட்கார்ந்தார்.

நோதோகாவின் கண் ரஷ்ய மொழியில் ஓடியது, வாய் ஜப்பானிய மொழியில் சொல்லிக்கொண்டே போனது. கட்டில் எரிந்தது. விடிந்ததும் ரயில் புறப்பட்டது. மனைவி கையுறையைக் கழற்றி, ஜன்னல் வழியே கையை மட்டும் காட்டினாள். மாஸ்டர் காலியான வீட்டுக்குத் திரும்பி, தரையில் படுத்து, பல வருஷங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார். அவ்வளவுதான். புத்தகத்தை மூடினாள்.

யாரும் பீர் டப்பாவைத் திறக்கவில்லை. குரிபயாஷி கழுத்துப்பட்டையில் மூக்கைச் சிந்தினார்.

"ரெண்டு இடத்துல பொருள் தப்பு" என்றார் இகராஷி, தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "எங்கேன்னு கேட்க மாட்டியா?"

"வேண்டாம் டீச்சர்" என்றாள் நோதோகா. சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள்.

இகராஷி சிரித்தார். உணவுப் பெட்டியைத் திறந்து முட்டை ஆம்லெட்டின் பெரிய துண்டை அவள் தட்டில் வைத்தார். "திங்கட்கிழமை காலையில வகுப்பு. முதல் பெஞ்சுல உட்காரு."

"முதல் பெஞ்சு!" என்று எழுந்து நின்று கை தட்டினார் குரிபயாஷி. எதற்கென்று தெரியாமலே மொத்தக் கம்பெனியும் சேர்ந்து தட்டியது. நோதோகா வாய் நிறைய ஆம்லெட்டோடு நாலு பக்கமும் திரும்பித் திரும்பி வணங்கினாள்.