கேட்காத பாடம்

என் மகள் லமீஸுக்குப் படிப்பு ஏறவில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் அந்த வாரம் அதைச் சொன்னவர் பள்ளிக்கூடத்து எச்.எம். சிவசங்கரி மேடம். அவர் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்ய முடியும்? நாக்கைக் கடித்துக்கொண்டு கேட்டேன். மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைக்கு ஒரு வரி வாசிக்க வரவில்லையாம். திரும்ப ஒன்றாம் வகுப்பில் உட்கார வைப்பார்களாம். இஷ்டமில்லை என்றால் வெள்ளிக்கிழமை வந்து டி.சி. வாங்கிக்கொண்டு போகலாமாம்.

வீட்டுக்காரர் ஷாரிக் இதைக் கேட்டுவிட்டு ஒரே பேச்சில் முடித்தார். டி.சி. வாங்குவோம், ஹாஸ்டலில் போடுவோம் என்றார். விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடம் இருக்கிறது. கண்டிப்புக்குப் பேர்போன இடம். பட்டறையில் கூட வேலை பார்ப்பவரின் பையன் அங்கே போன பிறகுதான் வழிக்கு வந்தானாம். எட்டு வயசுப் பிள்ளை, இன்னும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறவள், எப்படிங்க என்று கேட்டேன். நீ குடுக்குற செல்லம்தான் இவ்வளவுக்கும் காரணம் என்றார். மறுநாளே ஒரு கறுப்புத் தகரப் பெட்டி வாங்கி வந்து வாசல் ஓரமாக வைத்துவிட்டார். போகும்போதும் வரும்போதும் அது என் காலில் இடித்தது.

அவர் கெட்ட மனிதர் இல்லை. தட்டாஞ்சாவடியில் தகடு வெட்டும் பட்டறையில் நாளெல்லாம் நின்று வேலை செய்கிறவர். மகள் என்றால் உயிர். ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார். அவர் பிடித்த பிடி இதுதான். குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுக்கும் எங்கள் தெரு ஓதப்பள்ளியில் லமீஸ் முதல் ஆள். குர்ஆனை விரித்து, வரியில் விரல் வைத்து ஓத ஆரம்பித்தால் எங்கேயும் தட்டாது. சொல்லிக்கொடுக்கும் உஸ்தாதே மெச்சுவார்.

"அரபு எழுத்து தெரியற புள்ளைக்குத் தமிழ் எழுத்து தெரியாதா பாத்திமா? எல்லாம் திமிரு. ஓதறப்ப தெரியற கண்ணு பாடப் புஸ்தகத்துல மட்டும் தெரியாமப் போவுதா?" என்பார் ஷாரிக்.

எங்கள் வீதியில் யாரும் இதை மறுத்திருக்க மாட்டார்கள். பிள்ளை விரல் வைத்துப் பிசகாமல் ஓதிவிட்டால் வாசிக்கத் தெரிந்துவிட்டது என்றுதான் எங்களில் எல்லாரும் எடுத்துக்கொள்வோம். விரலுக்கு அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று எந்தத் தாய் குனிந்து பார்த்தாள்?

ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டேதான் இருந்தது. கடையில் பிஸ்கட்டை நிறம் பார்த்து எடுப்பாள். உறை மாறி வந்தால் எடுக்க மாட்டாள். ஒருநாள் கதிர்காமம் போக பஸ்ஸுக்கு நின்றபோது, போர்டைப் பார்த்துச் சொல்லு என்றேன். அவள் போர்டைப் பார்க்காமல் கண்டக்டரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கத்திய பிறகு, "அம்மா, இதுதான்" என்றாள். அதை ஷாரிக்கிடம் சொன்னேன். நடிக்கிறா என்றார். அன்று சாயங்காலம் பாடம் வாசிக்கவில்லை என்று அவள் உள்ளங்கையில் ஸ்கேலால் அடித்தார். சிவந்து போன கையை நான் தண்ணீரில் நனைத்தேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஸ்கேலை முறித்து அடுப்படிக் குப்பையில் போட்டேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

வியாழக்கிழமை சாயங்கால மஃரிப் தொழுகை முடிந்து ஷாரிக்கின் அண்ணன் குத்புதீன், லமீஸுக்குப் பெரியத்தா, எங்கள் வீட்டுக்கு வந்தார். வியாழன் சாயங்காலம் எங்கள் வீட்டில் குர்ஆனில் யாசீன் என்கிற சூராவை, அந்த அத்தியாயம் முழுவதையும், ஓதுவது வழக்கம். ஹாஸ்டலுக்குப் போகப்போகும் பிள்ளை, இன்றைக்கு அவளே ஓதட்டும் என்று பெரியத்தா சொன்னார். லமீஸ் தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, குர்ஆனைப் பலகையில் விரித்து வைத்து ஆரம்பித்தாள். அந்தக் குரலைக் கேட்டால் கல்லும் கரையும். விடிந்தால் டி.சி., மறுநாள் ஹாஸ்டல்.

பாதி ஓதியிருப்பாள், கரண்ட் போய்விட்டது.

கூடம் இருட்டாகிவிட்டது. பிள்ளை பயந்து நிறுத்துவாள் என்று நான் எழுந்தேன். அவள் நிறுத்தவில்லை. ஒரு எழுத்து தடுமாறாமல் குரல் அதன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இருட்டுக்குள் பெரியத்தா, "மாஷா அல்லாஹ்" என்றார். மனப்பாடமாகவே தெரிந்திருக்கிறது என்று அவருக்குச் சந்தோஷம். நான் செல்போனைத் தேடி எடுத்து டார்ச்சைப் போட்டு, அவளுக்கு வெளிச்சம் காட்டக் குனிந்தேன்.

வெளிச்சம் விழுந்த பக்கத்தில் பூவேலைக் கட்டம் போட்டு அடுத்த சூராவின் தலைப்பு இருந்தது. என் மகள் இருட்டில் இரண்டு மூன்று தாள்களைச் சேர்த்துத் திருப்பிவிட்டிருந்தாள். வாயில் இன்னும் யாசீன். வெளிச்சம் வந்த பிறகும் விரல் அடுத்த சூராவின் வரிகளில் வலமிருந்து இடமாக, நிதானமாக நகர்ந்துகொண்டிருந்தது.

இத்தனை நாள் உறுத்தியது எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. இவளுக்கு எந்த எழுத்தும் தெரியாது. அரபும் தெரியாது, தமிழும் தெரியாது. எல்லாம் காதால் வாங்கி வாயால் கொடுப்பது.

டார்ச்சைத் திருப்பிவிட்டால் யாருக்கும் தெரியாது. காட்டினால் ஷாரிக்குக்குத் தெரியும். தெரிந்தால் என்ன நினைப்பார்? பாடப் புத்தகத்தில் ஏமாற்றியதுக்கே கையைப் பழுக்க வைத்தவர், குர்ஆனை வைத்து ஏமாற்றினாள் என்று நினைத்தால்? அண்ணன் முன்னால் மானம் போய்விட்டது என்று நினைத்தால்? காட்டாவிட்டாலோ பிள்ளை ஹாஸ்டலுக்குப் போவாள், அங்கே இவளைத் தினமும் திமிருக்காக அடிப்பார்கள். பெற்றவள் நான்தானே, நான்தானே முடிவெடுக்க வேண்டும்.

"ஏங்க, கொஞ்சம் இந்த வெளிச்சத்தப் புடிங்க" என்று போனை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் வாங்கினார், குனிந்தார். அவருக்கு அரபு வாசிக்கத் தெரியும். முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு தாடை இறுகியது. அவர் கையை நீட்டினார். லமீஸ் அதைப் பார்த்ததும் தோளைக் குறுக்கிக் கண்ணை மூடிக்கொண்டாள். இருட்டுக்கு நிற்காத குரல் அத்தாவின் கைக்கு நின்றது. அந்தக் கை தாளைப் பின்னால் திருப்பி, சரியான பக்கத்தில் வைத்துவிட்டு விலகியது. "ஓதும்மா" என்றார். அவள் விட்ட இடத்திலிருந்து ஓதி முடித்தாள். பெரியத்தாவுக்கு எதுவும் தெரியாது.

அதன் பிறகு ஷாரிக் அண்ணனோடு பள்ளிவாசலுக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். காலையில் கிளம்பு, பிள்ளையும் வரட்டும் என்பது மட்டும்தான் பேச்சு. டி.சி.க்கா, வேறு எதற்கா என்று கேட்க எனக்குப் பயம். அவர் கையெழுத்துப் போட்டால் அந்தத் தாளை அங்கேயே கிழித்து எறிவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் ஸ்கூட்டரில் ஏறினேன்.

எச்.எம். அறையில் டி.சி. விண்ணப்பம் தயாராக இருந்தது. பேனாவும் பக்கத்திலேயே இருந்தது. வகுப்பு டீச்சர் சந்திரகலா மிஸ் சுவரோரம் நின்றிருந்தார். ஷாரிக் பேனாவைத் தொடவில்லை. ஒரு பாடத்தை என் எதிரில் வாசிக்கச் சொல்லுங்க என்றார். மிஸ் புத்தகத்தை விரித்து, இதுவரை நடத்தாத ஒரு பக்கத்தைக் காட்டினார். லமீஸ் அத்தாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு விரலை வைத்தாள். அரபு ஓதுகிற மாதிரி, தமிழ் வரிக்கு வலது கோடியில் வைத்தாள். பிறகு வாய் திறக்காமல் நின்றாள்.

"பாருங்க, கிண்டல் பண்றா" என்றார் எச்.எம்.

என் கணவர் அதைக் காதில் வாங்காமல், மிஸ்ஸை அந்தப் பக்கத்தை ஒருதரம் வாசிக்கச் சொன்னார். மழை நின்றது, குளத்தில் தவளைகள் கத்தின என்று ஏதோ ஒரு பாடம். மிஸ் வாசித்து முடித்ததும், இப்ப நீ சொல்லும்மா என்றார் ஷாரிக். லமீஸ் முழுப் பக்கத்தையும் சொன்னாள். மிஸ் மூச்சு வாங்கிய இடத்தில் இவளும் மூச்சு வாங்கினாள். ஒரு சொல் விடவில்லை.

எச்.எம். நாற்காலியில் சாய்ந்தார். "பாத்தீங்களா சார்? எல்லாம் தெரியுது. வேணும்னே பண்றா. திமிரு."

அது ஷாரிக்கின் வார்த்தை. எங்கள் வீட்டில் அவர் தினம் சொன்ன அதே வார்த்தை. அடுத்தவர் வாயிலிருந்து அதைக் கேட்டதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. மகள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். அவள் கண் அவர் கையைத்தான் பார்த்தது. அவருக்கும் அது தெரிந்துவிட்டது, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மிஸ் படிக்கறதுக்கு முன்னாடி ஏம்மா நீ சொல்லல?"

"மிஸ் சொல்லிக்குடுக்கவே இல்லியே அத்தா" என்றாள். "ஓதப்பள்ளியில உஸ்தாத் மொதல்ல சொல்வாரு, அப்புறம் நாங்க சொல்வோம். இங்க சொல்லாமயே படி படின்றாங்க. கேக்காதத எப்படி சொல்றது?"

"அப்ப இந்த எழுத்தெல்லாம் எதுக்கும்மா?"

"அது வெரல் வெக்கறதுக்கு" என்றாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, துப்பட்டாவால் வாயை அடைத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் எல்லாரும் இப்படித்தான் வாசிக்கிறார்கள் என்று என் பிள்ளை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். மற்றப் பிள்ளைகள் மட்டும் எப்படியோ முன்னாலேயே கேட்டுவிட்டு வருகிறார்கள், தன்னிடம் மட்டும் யாரும் சொல்வதில்லை என்று நினைத்திருக்கிறாள். அதற்குத்தான் அடி வாங்கினாள்.

சந்திரகலா மிஸ் அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். மேடம், இது திமிர் இல்லை, இந்தப் பிள்ளைக்கு எழுத்து மனசில் தங்கவில்லை, டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றார். கதிர்காமம் ஆஸ்பத்திரியில் விசாரிக்கச் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தானே கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதாகவும் சொன்னார். ஷாரிக் எழுந்து டி.சி. தாளை எச்.எம். பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"மூணாங்கிளாஸ்லயே இருக்கட்டும் மேடம். எழுத்த மட்டும் மொதல்ல இருந்து சொல்லிக்குடுங்க. நாங்களும் வீட்ல உக்காருவோம்."

எச்.எம். உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. டாக்டர் என்ன எழுதித் தருகிறார் என்று பார்ப்போம், அதுவரைக்கும் வரட்டும் என்றார். எங்களுக்கு அது போதும்.

மதியம் ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் ஷாரிக் அந்தத் தகரப் பெட்டியை இழுத்து நடுக்கூடத்தில் போட்டார். பட்டறையில் தகட்டுக்குக் குறி போடும் சாக்பீஸ் ஒன்று சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். அதை எடுத்துப் பெட்டியின் கறுப்பு மூடி மேல் பெரிதாக 'ல' என்று எழுதினார். சொன்னார், அவளும் சொன்னாள். அவள் விரலைப் பிடித்து எழுத்தின் மேல் சுற்றி வரச் செய்தார். பக்கத்தில் 'ம' எழுதினார். அதையும் சொன்னார், அவளும் சொன்னாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு விளங்கிவிட்டது. அவள் பார்த்ததெல்லாம் அவர் வாயைத்தான்.

"வாயப் பொத்திக்குங்க" என்றேன்.

கல்யாணமான நாளிலிருந்து நான் இப்படிச் சொல்லி அவர் கேட்டதே கிடையாது. இன்றைக்குக் கேட்டார். இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு, வலது கையால் முதல் எழுத்தைத் தொட்டுக் காட்டினார். லமீஸ் அவர் வாயைப் பார்த்தாள். அது மூடியிருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கும் வாய் துறுதுறுத்தது, நானும் பொத்திக்கொண்டேன். அவர் அவசரப்படவில்லை, பொறுமை என்பதே தெரியாத மனிதர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வேறு வழியில்லாமல் என் மகள் எழுத்தைப் பார்த்தாள்.