இரண்டு பக்கப் பாட்டின் நடுவில் மாட்டிக்கொண்டவர்

பியானோ டீச்சர் அந்தப் பாட்டை வாசிக்கும்போதெல்லாம் அவருடைய கணவர் நாற்காலியோடு தெருவில் மிதந்து போவார். தரைக்கு ஒரு சாண் மேலே, பாட்டின் சுரம் எங்கே போகிறதோ அங்கே. அவரைக் கண்டதும் மருந்துக்கடைக்காரர், "டீச்சர் ஆரம்பிச்சிட்டாங்க" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

பாட்டு சின்னது, மொத்தமே இரண்டு பக்கம். எழுதிய புண்ணியவான் காதலில் நன்றாக அடிபட்டவராக இருக்க வேண்டும். முதல் பகுதி வீட்டுச் சுரத்தில் நிம்மதியாகத் தொடங்கும். அதுவரை கணவர் ஹாலில் இருப்பார். நடுப்பகுதி சோகமான மைனர் சுரத்துக்கு இறங்கி, வீட்டை விட்டு வெகுதூரம் போய், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். அப்போது அவர் தெருக்கோடிச் சலவைக்கடை வாசலில் நீராவிக்குள் மிதப்பார். பிறகு முதல் பகுதியே திரும்ப வரும், அவரும் திரும்புவார். முடிவில்தான் குறும்பு. இதோ வீடு வந்துவிட்டது என்று எல்லோரும் மூச்சு விடும் நேரத்தில் சுரம் சட்டென்று பக்கத்து வீட்டுக்குள் நுழைந்துவிடும். பல் டாக்டர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலே நின்றபடி, "தப்பா எடுத்துக்காதீங்க" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் பாட்டு சரியான கதவைக் கண்டுபிடித்து அவரை வீட்டில் இறக்கிவிடும்.

கணவருக்கு மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் தொழில். கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். ஒருநாள் மாணவர்களின் பெற்றோர் கூடியிருந்தபோது, "ரெண்டே ரெண்டு பக்கம். ஒரு ஃபேனுக்கு நான் சுத்துற கம்பிகூட இதைவிட நீளம். இதுக்குப் போய் இவ்வளவு அலட்டலா?" என்று கேட்டு வைத்தார். ஹால் சிரித்தது. டீச்சரும் சிரித்தார். மறுநாள் மாலை வழக்கம்போல வாசித்தார். நடுப்பகுதி வீட்டிலிருந்து மிகத் தொலைவில் இருந்தபோது பியானோ மூடியைச் சாத்திவிட்டுக் காய் நறுக்கப் போனார்.

கணவர் சலவைக்கடை வாசலிலேயே நின்றுபோனார். இறங்கி நடந்து பார்த்தார். எந்தப் பக்கம் நடந்தாலும் தெரு அவரைச் சலவைக்கடைக்கே கொண்டுவந்தது. டாக்சி பிடித்தார், டாக்சியும் அங்கேயே வந்து நின்றது, மீட்டர் மட்டும் ஒழுங்காக ஓடியது. போனில், "ஏம்மா, மீதியையும் வாசிச்சு விடேன்" என்றார்.

"எதை, அந்த ரெண்டு பக்கத்தையா? அதுல என்ன இருக்கு வாசிக்க?"

அதற்கு மேல் இருவரும் இறங்கி வரவில்லை. சலவைக்கடைக்காரி பின்னறையைக் கொடுத்தாள், அவர் அங்கேயே காயில் கட்டினார், மழைக்காலங்கள் வந்து போயின. டீச்சர் தன் துணிகளை அந்தக் கடையிலேயே போட்டார். திரும்பி வரும் புடவையின் மடிப்பைத் தடவிப் பார்த்து, யார் மடித்தது என்று தெரிந்துகொள்வார். ஆனாலும் பியானோவைத் திறக்கவில்லை. அப்படி ஒரு ரோஷம்.

ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து டீச்சருக்கு வலது மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் பிரித்த பிறகும் விரல்கள் விரியவில்லை. அன்றைக்கே கணவருக்குப் போன் போட்டவர் அழுதுவிட்டார்.

"பெரிய தப்பு பண்ணிட்டேங்க. வலது கை போச்சு. பாட்டு பூரா அதுலதான் இருக்கு. இனிமே உங்களை எப்படிக் கூட்டிட்டு வர்றது?"

"இடது கை இருக்கில்ல?"

"அதை மட்டும் வெச்சு என்ன பண்றது?"

"நீ அதை வாசி. பாட்டை நான் பாடிக்கிறேன்."

"உங்களுக்கு அந்தப் பாட்டு தெரியுமா? நான் முதல் பகுதி வாசிக்கும்போதே தூங்கித்தானே போவீங்க?"

"நான் தூங்கினா நீ கோவத்துல இன்னொரு தடவை வாசிப்பே. அதான் தூங்குற மாதிரி கிடப்பேன்" என்றார். பிறகு, "அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்றும் சொன்னார்.

டீச்சர் போனை அணைக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டு மூடியைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து இடது கையால் தொடங்கினார். தெருக்கோடியில் நாற்காலி எழும்பியது. கணவர் தொண்டையைத் திறந்து பாடினார். ஐயோ, தகரத்தை இழுப்பது போன்ற குரல். சுருதி விலகிய இடங்களில் இடது கை நின்று, காத்திருந்து, அவரைக் கூட்டிக்கொண்டு நடந்தது. முன்பெல்லாம் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அந்தக் கைதான் என்பது டீச்சருக்கே அப்போதுதான் உறைத்தது. பல் டாக்டர் வீட்டில் தட்டுகளை ஓரமாக நகர்த்தி, "ரொம்ப நாளாச்சே, உட்காருங்க" என்றார்கள். "இல்லைங்க, வீட்டுல கூப்பிடுறாங்க" என்றார் அவர்.

கடைசிச் சுரம் விழுந்தபோது அவர் டீச்சருக்குப் பக்கத்தில் இருந்தார். டீச்சர் கட்டையிலிருந்து விரலை எடுக்கவில்லை. எடுத்தால் மறுபடி எங்கேயாவது போய்விடுவாரோ என்று பயம்.

"எடும்மா, வந்துட்டேன்."

எடுத்தார். ஒலி மெல்ல அடங்கியது, அவர் அங்கேயே இருந்தார். மறுநாள் மாலையிலிருந்து பாடிக்கொண்டே போய் வருகிறார். சுருதி இன்னும் சேரவில்லை. தெருக்காரர்கள் ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறார்கள்.