எண்ண மறுத்த மெஷின்

பதுளை பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் சிவஞானம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். மனைவி ரெங்கம்மா அவன் மூச்சு அடங்கும்வரை காத்திருந்தாள். தேயிலை ஃபேக்டரியில் கொழுந்துச் சாக்கைத் தனியாளாகத் தூக்கிப் போடுகிறவன், இரண்டு மாதத்தில் சட்டைக்குள் ஆளே இல்லாதவன்போல ஆகிவிட்டான். பல் விளக்கினால் ரத்தம். தொட்ட இடமெல்லாம் கன்றிப்போனது. தோட்டத்து டிஸ்பென்சரியில் சத்து மாத்திரையையே திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். டவுன் டாக்டர்தான் ரத்தத்தில் வெள்ளை அணுவை எண்ணிப் பார்க்க வேண்டும் என்றார்.

எண்ணுவதற்கென்றே மருந்துக்கடை மாடியில் புதிதாக ஒரு மெஷின் வந்திருந்தது. ரத்தம் சோதிக்கிற ஷுக்ரி அதைத் துணி போர்த்தி வைத்திருப்பான். ஒரு சொட்டு ரத்தத்தை மருந்துத் தண்ணீரில் கலந்து வைத்தால் அதுவே உறிஞ்சி, சிவப்பு எழுத்தில் கணக்கைக் காட்டும். முதல் தடவை இவர்கள் வந்தபோது கணக்கு வரவில்லை. வெறும் கோடுகள் துடித்தன. குழாய் அடைத்துக்கொண்டது என்றான். அடுத்த தடவை கரண்ட் சரியில்லை என்றான்.

இன்றும் கோடுகள்தான்.

"இன்னொருக்கா குத்தணும் அக்கா."

"எத்தன தரம் குத்துவீங்க?" ரெங்கம்மா எழுந்துவிட்டாள். "ஒங்க மிசினு பழுதுன்னா பழுதுன்னு சொல்லிருங்க. நாங்க நமுனுகுல மலையிலேருந்து எறங்கி வாறோம். இன்னிக்கும் எனக்குப் பேரு போச்சு, ஒருநாள் சம்பளமும் போச்சு. இவரு ஒடம்புல இருக்கிற கொஞ்ச ரத்தத்தையும் நீங்களே எடுத்துக்கிட்டிருக்கீங்க."

"விடு புள்ள" என்றான் சிவஞானம், பெஞ்சில் சாய்ந்தபடி. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமூட்டியது. டிஸ்பென்சரியில் விடு, தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் விடு. எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த மனுஷன் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்?

ஷுக்ரிக்கும் முகம் கடுத்துப்போயிருந்தது. குழாயைக் கழுவினான், மருந்துத் தண்ணீரை மாற்றினான். பிறகு என்ன நினைத்தானோ, ஊசியை எடுத்துத் தன் விரலிலேயே குத்திக்கொண்டான். மெஷின் முனகியது. எண்கள் ஓடி, நின்றன. நம்பாமல் இன்னொரு முறை வைத்தான். அப்போதும் கணக்கு வந்தது.

ரெங்கம்மாவுக்கு உயிர் வந்தது. "சரியாயிருச்சுல்ல தம்பி? இப்ப இவரோடத வைங்க."

வைத்தான். கோடுகள்.

ஷுக்ரி சிவஞானத்தின் ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஊற்றி, காயவைத்து, மைக்ராஸ்கோப்பில் குனிந்தான். வெகுநேரம் தலையைத் தூக்கவே இல்லை.

"என்னா தம்பி, திரும்பவும் பழுதா?"

"மெஷின்ல பழுதில்ல அக்கா." அவன் குரல் தாழ்ந்திருந்தது. "வெள்ள அணு அதால எண்ண ஏலாத அளவுக்கு இரிக்கி. பார்க்கவும் ஒழுங்கான அணு மாதிரி இல்ல. இப்பவே டாக்டர்கிட்ட போவோம். நானும் வாறன்."

அவள் மெஷினைப் பார்த்தாள்.

"அப்ப மொத நாளே அது சொல்லிருச்சா?"

ஷுக்ரி கைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அவளுக்கு அவனைத் திட்ட வேண்டும்போல இருந்தது. இவ்வளவு நாளும் பழுது என்று ஒன்றாவது இருந்தது, கோபப்படுவதற்கு.

சிவஞானம் கண் விழித்தான். "கணக்கு வந்துருச்சா?"

"வந்துருச்சு. எந்திரிங்க."

அவன் கையைத் தன் தோள்மேல் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். வெளியே வெலிமடை மரக்கறி லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஹாரன் அடித்துக்கொண்டு வந்தன. ஷுக்ரி வெள்ளைக் கோட்டோடு நடுரோட்டில் இறங்கி, இரண்டு கைகளையும் அகல விரித்து நின்றான். முன்னால் வந்த லொறி அவன் நெஞ்சுக்குக் கிட்டே வந்து நின்றது. ரெங்கம்மா கணவனைத் தாங்கியபடி மெல்ல ரோட்டைக் கடக்கத் தொடங்கினாள்.