பட்டனை அழுத்தியவருக்கு அரைக் கோப்பை

பத்தொன்பது வருடம் ஹெலிகாப்டரின் பின்கதவில் நின்று சரக்கையும் சிப்பாய்களையும் ஏற்றி இறக்கிய சார்ஜென்ட் டெஸ்மண்ட் த்ரெல்ஃபாலுக்குப் பயம் என்பதே கிடையாது என்று அந்த விமானப்படைத் தளத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது அவனேதான். ஆனால் பறப்பவர்கள் கூடும் அறையின் மூலையில் இருந்த கணினியைக் கண்டால் மட்டும் நாலடி தள்ளி நடப்பான்.

அதில்தான் அந்தப் பட்டன் இருந்தது. சேவைக்காலம் முடியும் முன்பே போக நினைப்பவர்கள் அதில் ஒரு படிவத்தை நிரப்பி, கடைசியில் அந்தப் பட்டனை அழுத்த வேண்டும். பன்னிரண்டு மாதம் கழித்து விடுதலை. ஆனால் பறப்பதற்கென்று சம்பளத்தோடு சேர்த்துத் தருகிற தனிப்படி, அழுத்திய அன்றைக்கே பாதியாகிவிடும். அதே ஹெலிகாப்டர், அதே மழை, அதே முதுகுவலி. படி மட்டும் பாதி.

“போகப்போறவன் பாதி உயரத்துலதான் பறப்பான்னு மேல நினைக்கிறாங்க போல,” என்பார் நாரிஸ் பீக்.

நாரிஸ் அங்கே எல்லோருக்கும் மூத்தவர். டீ கெட்டில் அவருடைய ராஜ்ஜியம். மேலிடம் பாதியாக்கினால் நாமும் பாதியாக்குவதுதானே முறை என்று எந்தக் காலத்திலோ ஒரு சட்டம் போட்டிருந்தார். பட்டனை அழுத்தியவருக்கு அன்று முதல் அரைக் கோப்பை டீ, பாதி பிஸ்கட். தளபதியே அழுத்தினாலும் அவ்வளவுதான். ஜூன் மாதம் அழுத்திய பைலட் இமோஜென் சாண்டிஸ், தன் பாதி பிஸ்கட்டைப் பதக்கம் வாங்குவதுபோல நிமிர்ந்து நின்று வாங்கிக்கொள்வாள். உடைக்கும்போது பெரிய துண்டு எப்போதும் நாரிஸின் வாய்க்கே போகிறது என்பதுதான் அவளுடைய ஒரே புகார்.

டெஸ்மண்டின் மனைவி ஹெஸ்டர் பள்ளி ஆசிரியை. அவனுக்கு மாற்றல் வந்தபோதெல்லாம் பின்னாலேயே போனதில் பதினொரு வீடும் ஒன்பது பள்ளிக்கூடமும் பார்த்துவிட்டாள். இந்த வருடம் வடக்கே நார்த்தம்பர்லாந்தில் ஒரு சின்னப் பள்ளிக்கு அவளைத் தலைமை ஆசிரியையாகக் கூப்பிட்டார்கள்.

“இந்தத் தடவை நான் முன்னால போறேன். நீ பின்னால வா,” என்றாள். டெஸ்மண்டும் மனதாரத்தான் சரி என்றான்.

செப்டம்பர் முதல் வாரம், புது வீட்டிலிருந்து போன் செய்தாள். “அழுத்திட்டியா?”

“அழுத்திட்டேன்,” என்றான்.

அழுத்தவில்லை. நாளைக்கு அழுத்திவிட்டால் பொய் நிஜமாகிவிடும் என்று கணக்குப் போட்டான். நாளை என்பது ஏழு வாரம் நீண்டது. பொய் சொன்னவனுக்கு அதைக் கட்டிக் காக்கிற வேலையும் சேர்ந்துகொள்கிறது. படி பாதியாகிவிட்டதாகக் காட்டுவதற்காக வீட்டுக்கு அனுப்புவதைக் குறைத்தான். மிச்சத்தைத் தொடாமல் தனியே போட்டு வைத்தான். தொடாமல் இருப்பதே பெரிய புண்ணியம் என்று ஒரு நினைப்பு.

அக்டோபர் பள்ளி விடுமுறையில் தளத்தில் குடும்ப நாள் வந்தது. ஹெஸ்டர் ரயிலேறி வருகிறாள். நாரிஸின் டீச் சட்டம் அவளுக்கு அத்துப்படி. அன்று காலை டெஸ்மண்ட் கெட்டில் பக்கம் போய் நெளிந்தான்.

“அண்ணே, இன்னிக்கு ஒரு நாள் எனக்கு அரைக் கோப்பை ஊத்துங்களேன்.”

“ஏன், வயிறு சரியில்லையா?”

“ஹெஸ்டர் வர்றா. நான் அழுத்திட்டேன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

“எப்போ சொன்னே?”

“செப்டம்பர்ல.”

“அடப்பாவி.” நாரிஸ் கெட்டிலைக் கீழே வைத்தார். “இங்க பாரு தம்பி, அரைக் கோப்பைங்கிறது இந்த ரூம்ல ஒரு மரியாதை. அழுத்தினவங்க சம்பாதிச்சது. பொய்க்கெல்லாம் என் கெட்டில் சாயாது.”

சோபாவில் இருந்த இமோஜென் தலையைத் தூக்கினாள். “என் பாதி பிஸ்கட்டை வேணும்னா வாடகைக்குத் தரட்டுமா, டெஸ்?”

ஹெஸ்டர் பதினொரு மணிக்கு வந்தாள். ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டராக இரண்டு போட்டிருந்தாள். அவள் இமோஜெனிடம் நலம் விசாரித்துக்கொண்டிருந்த நேரத்தில், நாரிஸ் டெஸ்மண்டின் கோப்பையில் வேண்டுமென்றே தளும்பத் தளும்ப ஊற்றி அவன் கையில் கொடுத்தார். டெஸ்மண்ட் சுவர்ப் பக்கம் திரும்பினான். கொதிக்கக் கொதிக்கப் பாதியை ஒரே மடக்கில் விழுங்கினான். பிறகு அரைக் கோப்பையோடு மனைவியை நோக்கித் திரும்பிச் சிரித்தான். கண்ணில் நீர் முட்டியிருந்தது.

ஹெஸ்டர் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். “நாக்கு வெந்துடுச்சா?”

“இல்லையே.”

“விளிம்பு வரைக்கும் ஈரமா இருக்கு, டெஸ். பாதி ஊத்தியிருந்தா ஈரமும் பாதியோட நின்னிருக்கும். எங்க ஸ்கூல்ல ஆறு வயசுப் பிள்ளைங்க இதைவிட நல்லா மறைப்பாங்க.”

அறையில் இருந்தவர்களுக்கெல்லாம் திடீரென்று ஜன்னலுக்கு வெளியே பார்க்க நிறைய இருந்தது. நாரிஸ் சுத்தமான கரண்டி ஒன்றை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

“பாதிதான் வருதுன்னு நீ சொன்னதால ஹீட்டரைக் குறைச்சு வச்சிருக்கேன்,” என்றாள் ஹெஸ்டர். “இந்த ரெண்டு ஸ்வெட்டரோடதான் தூங்குறேன். நீ வர்றதுக்காகத்தானே தாங்குறோம்னு அதுல ஒரு பெருமை வேற எனக்கு.”

டெஸ்மண்டுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. “காசுக்காக இல்ல, ஹெஸ்டர். எனக்கு அந்தப் பின்கதவை விட்டா வேற ஒண்ணும் தெரியாது. அழுத்திட்டா அப்புறம் நான் யாரு? உன் ஊர்ல வெறும் ஹெட்மிஸ்ட்ரஸ் புருஷன். பயமா இருக்கு.”

“பதினொரு ஊர்ல நான் வெறும் சார்ஜென்ட் பொண்டாட்டியா இருந்தேன். ஒவ்வொரு தடவையும் பயமாத்தான் இருந்துச்சு. பெட்டியைக் கட்டினேன், வந்தேன்.”

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் அவன் ஏதாவது பதில் பேசியிருப்பான். சாதாரணமாகச் சொன்னாள். அத்தனை வருடத்தில் அவளுக்கும் பயம் இருந்திருக்கும் என்று அவன் ஒரு நாள்கூட யோசித்ததில்லை. டீ சுட்டதைவிட அது அதிகமாகச் சுட்டது.

கோப்பையை வைத்துவிட்டுக் கணினியின் முன்னால் போய் உட்கார்ந்தான். மூன்றாவது தடவைதான் கடவுச்சொல் சரியாக விழுந்தது. படிவத்தை நிரப்பினான்.

“எனக்குப் பயந்துக்கிட்டு அழுத்தாத,” என்றாள் ஹெஸ்டர், பின்னால் நின்று. “வர்றதா இருந்தா அழுத்து.”

அழுத்தினான். சத்தம் எதுவும் வரவில்லை. ‘பதிவு செய்யப்பட்டது’ என்று ஒரு வரி வந்தது. பறக்கும்போது திறந்த கதவில் சாய்ந்து நிற்கிற மனிதன், அந்த ஒரு வரிக்கு நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

நாரிஸ் அவன் கோப்பையை வாங்கிக் கழுவி, ஈரம் போகத் துடைத்தார். கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து, சரியாகப் பாதி ஊற்றினார். ஒரு பிஸ்கட்டை எடுத்து உடைத்தார். சின்னத் துண்டை டெஸ்மண்டிடம் கொடுத்துவிட்டுப் பெரியதை வழக்கம்போல வாய்க்குக் கொண்டுபோனார். ஹெஸ்டர் கையை நீட்டினாள். நாரிஸ் கொஞ்சம் யோசித்தார். பிறகு கொடுத்துவிட்டார்.

“நாலு மாசமா நான் கேட்டும் கிடைக்காதது,” என்றாள் இமோஜென்.

“இன்னிக்கே போய் ஹீட்டரை முழுசா வச்சுக்கோ,” என்றான் டெஸ்மண்ட், வெந்த நாக்கோடு. “ஏழு வாரத்துப் பணம் அப்படியே இருக்கு.”

“வைக்கத்தான் போறேன்.” ஹெஸ்டர் மேலே போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி அவன் மடியில் வைத்தாள். “இது இனிமே எனக்கு வேண்டாம். அடுத்த அக்டோபர்ல வர்றப்போ போட்டுக்கிட்டு வா. அங்க குளிரும்.”